எழுபதுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவே

2021 பெப்ரவரி 8: 61.4 கிலோ
2021 ஒக்டோபர் 25: 55.0 கிலோ
2022 யூலை 5: 52.6 கிலோ
2023 மார்ச் 27: 46.9 கிலோ
2023 நவம்பர் 6: 41.3 கிலோ
2024 ஜனவரி 22: 38.2 கிலோ
2024 ஒக்டோபர் 22: 43.7 கிலோ

இவை ஒரு கட்டிலின் எடைகள். வீட்டுக் கட்டில் அல்ல. திருகோணமலை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கு லொறியில் போகும் காந்த ஸ்கேன் இயந்திரத்துக்குள் நோயாளியைப் படுக்கவைத்துத் தள்ளுகிற கட்டில். முதல் ஆறு வரிகளில் இருக்கும் எடையைக் குறைக்க ஜெயரூபிக்கு இரண்டு வருடமும் பதினொரு மாதமும் பதினான்கு நாளும் பிடித்தன. கடைசி வரியில் அதைத் திரும்பக் கூட்ட, பிழை தெரிந்த நாளிலிருந்து எழுபத்தெட்டு நாள் போதுமாக இருந்தது.

ஜெயரூபி கிளிவெட்டியில் பிறந்தவள். 2024இல் முப்பத்தாறு வயது. பாலையூற்றில் வாடகை வீடு. மீன்பிடிப் படகுகளுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் உதிரிப்பாகம் செய்கிற, துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் பட்டறையில் வரைபடம் வரைவது அவள் உத்தியோகம். கதிரையில் கால் மணித்தியாலம் சேர்ந்தாற்போல் அவள் இருந்து பட்டறையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கோடு வரைவாள், எழும்புவாள், வாசல் வரை போய்க் கடலைப் பார்ப்பாள், திரும்பி வந்து அந்தக் கோட்டை அழிப்பாள்.

வெளி மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். பதிந்த நாள் 2020 ஜனவரி 1. ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அவள் எடுத்துக்கொண்ட வேலை சொல்லுக்குச் சின்னது. லொறியில் போவது சாரதி, பதிவு எழுதுபவர், ஸ்கேன் எடுப்பவர் என்று மூன்றே பேர். தினமும் வேலை முடிந்ததும் கட்டிலைக் கழற்றிக் கழுவி உள்ளே வைக்க வேண்டும். ஆகவே இரண்டு பேர் தூக்கக்கூடியதாக, நாற்பது கிலோவுக்குக் கீழே ஒரு கட்டில். காந்தத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இரும்பு ஒரு ஆணியளவும் ஆகாது.

அலுமினியக் குழாயால் சட்டம். மேற்பலகையைக் கிண்ணியாவில் பைபர் வள்ளம் செய்கிற இடத்தில் அச்சில் ஊற்றி எடுத்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு கழித்தால் பலம் குறையாது என்பதைக் கணினி தேடியது. அது ஆயிரக்கணக்கான கட்டில்களைத் தனக்குள் செய்து, பாரமேற்றி, வளைத்துப் பார்த்து, ஒன்றைக் கையில் கொடுக்கும். 41.3 கிலோ வரை அப்படியே இறங்கி வந்தது. அதற்குக் கீழே போக விடாமல் ஒரு விசிறி வழி மறித்தது.

ஸ்கேன் இயந்திரத்தைக் குளிரவைக்கும் அந்த விசிறி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். நமது வெயிலுக்கு அதைக் குறைக்கவும் முடியாது, செய்த கம்பனி முத்திரை வைத்து அடைத்திருந்ததால் தொடவும் முடியாது. அதன் அதிர்வு லொறித் தரையால் கட்டிலுக்கு வரும். ஊஞ்சலை அதன் தாளம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடுவதைப் போல, படுத்திருப்பவரின் பாரம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால் கட்டிலும் விசிறியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்தான். ஆனால் படம் மங்கிவிடும். கட்டிலை இலேசாக்க இலேசாக்க, நடுக்கம் பிடிக்கிற ஆளின் எடையும் கீழே இறங்கும். 41.3 கிலோக் கட்டிலில் அது தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு சிலரை மட்டும் பிடித்தது. இன்னும் இலேசாக்கினால் எண்பதுகளில் இருப்பவர்களைப் பிடிக்கும். அவர்கள் நிறையப் பேர்.

அப்போதுதான் லொறியின் பதிவுக் கொப்பி அவள் கைக்கு வந்தது. 2023 மே முதல் டிசம்பர் வரை ஸ்கேனுக்கு வந்த 412 பேரின் எடை. அதைக் கணினிக்குள் கொடுத்ததும் கணினி ஒரு வெறும் இடத்தைக் கண்டுபிடித்தது. எழுபதுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவே 412 பேரில் இரண்டே இரண்டு பேர். நடுக்கத்தைக் கொண்டுபோய் அந்த வெறும் இடத்தில் வைத்துவிட்டால் யாரையும் தொந்தரவு செய்யாது, கட்டிலிலும் மூன்று கிலோ கழியும். 2024 ஜனவரி 22, திங்கட்கிழமை, 38.2 கிலோ என்று தராசு காட்டியபோது ஜெயரூபி பட்டறை முற்றத்தை மூன்று தரம் சுற்றி வந்தாள்.

மே 13 முதல் புதுக் கட்டில் லொறியில் ஓடியது. யூன் 10 அன்று ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக்குச் செப்டெம்பர் 5 என்று நாள் குறித்துக் கடிதம் வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேளையில், யூலை 15 அன்று, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டொக்டர் கமலேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பிள்ளை, உங்கட கட்டில் ஆடுது போல.”

“எத்தனை படம் டொக்டர்?”

“மங்கல் எண்டு நான் ஒதுக்கி வச்சது பதினேழு. முந்தி மாசத்துக்கு ஒண்டு வந்தால் பெரிசு.”

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திருகாணிகளை எல்லாம் கழற்றி மறுபடி முறுக்கினாள். கிண்ணியா வள்ளக்காரரிடம் மூன்று தரம் போய், பலகைக்கு ஊற்றிய பசையின் அளவை விசாரித்தாள். மூன்றாம் தரம் அந்த மனிதர், “மிஸ், இதே பசையில செஞ்ச வள்ளம் நடுக்கடல்ல நிக்கிது, உங்கட கட்டில் லொறிக்குள்ள நிக்க மாட்டேங்குதா?” என்று கேட்டுவிட்டார். ஜெனரேட்டரின் அடியில் இறப்பர் வைத்துப் பார்த்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கணக்கைத் திரும்பப் போட்டாள். கணக்கு ஒவ்வொரு தரமும் சரியாகவே வந்தது. அதுதான் அவளை இன்னும் அலைக்கழித்தது.

யூலை முடிவில், 163 பேரில் 21 பேருக்குப் படம் மங்கல். அவர்களின் எடைகளைக் கொப்பியில் பார்த்தாள். 68, 69, 69, 67, 69, 68. ஆனால் 69 என்று எழுதப்பட்ட வேறு சிலருக்குப் படம் கண்ணாடி போல் விழுந்திருந்தது. ஒரே எடை, ஒரே கட்டில், ஒரே விசிறி. ஒருவருக்குத் தெளிவு, ஒருவருக்கு மங்கல். நேரே போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தாள்.

ஓகஸ்ட் 5, திங்கட்கிழமை. லொறி புல்மோட்டையில் ஒரு மைதான ஓரத்தில் நின்றது. ஜெயரூபி திரைக்குப் பின்னால் அதிர்வு அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே படிக்குப் பக்கத்தில் வட்ட முகம் வைத்த பழைய இரும்புத் தராசு. அதற்கு முன்னால் நஜ்முன் நிஸா, கிண்ணியாக்காரர், ஐம்பத்து மூன்று வயது. வருகிறவர்களின் பெயர், வயது, எடை எழுதுவதும், அவர்களைப் பேச்சுக் கொடுத்துப் பயம் தெளிய வைப்பதும் அவர் வேலை. லொறிச் சாரதி றுவைஸ் அவரை அக்கா என்ற முறையில் ‘ராத்தா’ என்றுதான் கூப்பிடுவான்.

அம்ரா என்றொரு பெண் ஏறினாள். நாற்பது வயதிருக்கும். கூட ஒரு மாமியார், இரண்டு மதினிமார்.

“ஏறுங்க புள்ள, தராசு கடிக்காது,” என்றார் நிஸா.

“எத்தின காட்டுது?” மாமியார் கழுத்தை நீட்டினார்.

நிஸா தன் உடம்பால் தராசின் முகத்தை மறைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். “அறுபத்தொம்பது.”

சாரதி ஆசனத்திலிருந்து றுவைஸ் தலையை நீட்டினான். “ராத்தாட தராசில எழுபது எண்டு ஒரு இலக்கமே அடிக்கல்ல. அறுபத்தொம்பது, அதுக்கு அடுத்தது எழுபத்தெட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள், மதினிமாரும் சேர்த்து. திரைக்குப் பின்னால் ஜெயரூபி சிரிக்கவில்லை. அம்ரா கட்டிலில் படுத்து உள்ளே போனாள். கருவியின் கோடு மேலெழுந்து நடுங்கியது. அந்த நடுக்கம் சொன்ன எடை எழுபத்துநாலு.

அவர்கள் போனபின் ஜெயரூபி கீழே இறங்கி வந்தாள்.

“நிஸா அக்கா, இப்ப போனவட எடை என்ன?”

“அறுபத்தொம்பது எண்டு எழுதியிருக்கன் பாருங்க.”

“கொப்பியில இருக்கிறதை நான் கேக்கேல்லை. முள்ளு காட்டினது எத்தனை?”

நிஸா அக்கம்பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது. “எழுபத்திநாலு.”

“ஏன் அக்கா மாத்தினனீங்கள்?”

“என்ன கதை கதைக்கிறீங்க மகள்? மாமி, மதினி எல்லாம் சுத்தி நிக்கக்கொள்ள எழுபத்திநாலு எண்டு நான் கத்தினா அந்தப் புள்ள இனி இந்தப் பக்கம் வருமா? பார்த்த கண்ணெல்லாம் பட்டு, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா நிஸாட வாயாலதான் எண்டு சொல்லுவாங்க. கொப்பியும் விரிச்சபடிதான் கிடக்குது. எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. சொன்னதைத்தான் எழுதவும் வேணும்.”

“எண்பது கிலோ ஆக்களுக்கு?”

“அவங்கள எங்க மறைக்கிற? பாத்தாலே தெரியும். எழுபத்தெட்டுக்கு மேல உள்ளதை உள்ளபடி எழுதுவன். நடுவில இரிக்கிறவங்களுக்குத்தான் இந்த உதவி.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கல்லயே. மருந்து ஊசி ஒண்டும் ஏத்திறல்ல, படம் எடுக்கிறதுக்கு எடை என்னத்துக்கு எண்டுதான் நான் நினைச்ச. அதோட…” நிஸா அவளை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குத் தெரியும் எண்டும் நினைச்ச. நீங்களும் இந்த மாவட்டத்துப் புள்ளதானே.”

அந்தப் பகல் முழுக்க ஜெயரூபி மைதானத்தைச் சுற்றி நடந்தாள். பிறகு கிளிவெட்டியில் இருக்கும் தாயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தாய் பாக்கியரத்தினத்துக்கு எழுபது வயது.

“அம்மா, சின்னனில என்ர கிளினிக் அட்டையில எடை சரியாய்த்தான் எழுதினவையோ?”

“உனக்கென்ன விசரா? நீ குண்டு மணி போல இருந்தனி. உள்ளதை எழுத நான் விடுவனோ? நேர்ஸ் மிஸ்ஸியிட்டச் சொல்லி ஒவ்வொரு மாசமும் அரைக்கிலோ குறைச்சுத்தான் எழுதுவிச்சனான். ஏன் இப்பக் கேக்கிறாய்? ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

“கேட்டால் சொல்லாதை.”

உலகத்தில் வேறெங்காவது இருந்து வந்த ஒரு ஆராய்ச்சியாளர் அந்தக் கொப்பியைப் பார்த்திருந்தால், எழுபதில் மனிதர் அறுந்துபோவது எப்படி என்று கேட்டிருப்பார். கண்ணூறு தெரிந்த வீட்டில் வளர்ந்த ஜெயரூபி கேட்கவில்லை. அந்த வெறும் இடம் அவளுக்கு விநோதமாகவே படவில்லை. மரியாதைக்காக ஆட்களை அப்புறப்படுத்தி வெறுமையாக்கிய இடத்தில் அவள் கட்டிலின் நடுக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

இதைச் சொன்னால் 38.2 கிலோ போய்விடும். அது போனால் நாற்பதுக்குக் கீழ் என்ற ஆய்வின் குறிக்கோளும் போய்விடும். நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் முப்பத்தொரு நாள். மேற்பார்வை செய்த பேராசிரியரை ஓகஸ்ட் 7 அன்று தொலைபேசியில் பிடித்தாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஜெயரூபி, பிழை கொப்பியில. உங்கட முறையில இல்லை. செப்டெம்பர் 5 முடியட்டும். பிறகு ஒரு திருத்தக் குறிப்பு எழுதுவம்.”

“சேர், லொறி நாளைக்கும் போகுது.”

“ஒரு மாசம்தானே. இப்ப ஏட்டைத் திருப்பி எடுத்தால் டிசம்பருக்கிடையில திரும்பப் பரீட்சை வைக்கமாட்டினம். நாலரை வருஷம் வீணாப் போகும். யோசியுங்கோ.”

அவள் யோசித்தாள். யோசிக்காமல் இருந்தாள் என்று சொன்னால் பொய். ஒரு மாதம் பெரிய காரியமா என்று தன்னையே கேட்டாள். மங்கல் விழுந்தால் மறுபடி எடுக்கலாம்தானே என்றும் கேட்டாள். புதன் கழிந்து வியாழன் வந்தது. பட்டறையில் ஒரு படகின் உருளைக்கு வரைந்த படத்தில் அளவை மாற்றிப் போட்டுவிட்டு, மேசையை விட்டு எழும்பித் துறைமுக வீதியில் கால் போன போக்கில் நடந்தாள். பின்னேரம் டொக்டர் கமலேஸ்வரி கூப்பிட்டு, மங்கல் இருபத்துநாலு ஆகிவிட்டது என்றார். அதில் ஒருத்தி புல்மோட்டை அம்ரா. தலைக்குள் ஏதோ ஒரு நிழல் மாதிரித் தெரிகிறது, கட்டியா நடுக்கமா என்று சொல்ல முடியவில்லை என்றார்.

ஓகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.15க்கு ஜெயரூபி தபால் கந்தோரில் இரண்டு பதிவுத் தபால்களைக் கொடுத்தாள். ஒன்று லொறியை நடத்தும் குழுவுக்கு, புதுக் கட்டிலை உடனே நிறுத்தி, தூக்க ஊர்களில் கூலிக்கு ஆள் பிடித்தாவது பழைய 61.4 கிலோக் கட்டிலைப் போடும்படி. மற்றது பல்கலைக்கழகத்துக்கு, ஆய்வேட்டைத் திருப்பி எடுக்கிறேன், ஆறு மாத மேலதிக காலம் வேண்டும் என்று. பற்றுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், இரண்டிலும் தேதி சரியா என்று பார்க்க மறுபடி உள்ளே போனாள்.

அம்ராவைப் பழைய கட்டிலில் படுக்கவைத்து ஓகஸ்ட் 13 அன்று மறுபடி படம் எடுத்தார்கள். நிழல் இல்லை. வெறும் நடுக்கம். அதைக் கேட்டபிறகு கொஞ்ச நேரம் ஜெயரூபி கதிரையில் அசையாமல் இருந்தாள் என்று றுவைஸ் பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

இனி உண்மையான எடைகள் வேண்டும். அதற்கு வழி சொன்னவர் நிஸாதான்.

“பேர் எழுதாதீங்க மகள். நாலு பக்கமும் துணியால மறைச்சிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். இலக்கம் மட்டும். தாளை மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டிரலாம்.”

“சம்மதிப்பினமோ?”

“ஏன் சம்மதிக்காம? பேரும் இல்லாம விலாசமும் இல்லாமக் கண்ணூறு யாரைத் தேடிப் போறது?”

ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 4 வரை, ஸ்கேனுக்கு வந்தவர்களும் கூட வந்தவர்களுமாக, முந்நூறு துண்டுத் தாள்கள் சேர்ந்தன. எதற்காக நிறுக்கிறோம் என்பதை நிஸாவே ஒவ்வொருவருக்கும் சொன்னார். எழுபதுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவே நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர். அவர்களையும் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஒரு சிலரையும் விட்டு நடுக்கத்தை அப்புறப்படுத்தச் சட்டத்தை விறைப்பாக்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணினி 43.7க்குக் கீழே இறங்கவில்லை.

நவம்பர் 4 அன்று அந்தக் கட்டில் லொறிக்குப் போனது. வேலை முடிந்து கழற்றியபோது நிஸா ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“நிப்பாட்டின கட்டிலை விடக் கூடிட்டு மகள்.”

“ஐஞ்சரைக் கிலோ, அக்கா.”

“நீங்க எழுதாம விட்டதெல்லாம் இதுக்குள்ளதான் ஏறியிருக்கு ராத்தா,” என்றான் றுவைஸ்.

“நீ வாயை மூடிட்டு மற்றப் பக்கத்தைப் பிடி.”

அதுவரை சாரதி வேலையைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்றிருந்தவன் அன்றிலிருந்து பிடித்தான். இரண்டு பேர் தூக்கவேண்டிய கட்டிலை மூன்று பேர் தூக்கினார்கள். ஜெயரூபி அதையும் ஆய்வேட்டில் எழுதினாள். குறிக்கோள் நாற்பது, கிடைத்தது 43.7, தூக்க மூன்று பேர் தேவை. மங்கலாகப் போன இருபத்துநாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று பேர் தாமாக வந்தார்கள். ஒரு பெண்ணின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அவரை ஜெயரூபியும் நிஸாவும் மூதூரில் மகள் வீட்டில் தேடிப் பிடித்து டிசம்பர் 12 அன்று படம் எடுத்தார்கள்.

திருத்திய ஏடு நவம்பர் 25 அன்று போனது. டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலதிக காலத்துக்கான விண்ணப்பம் சபையின் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி. டிசம்பர் 31 வந்து போனது. ஜனவரியில் தினமும் அவள் பட்டறையில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு எழும்பி எழும்பிப் போனாள். ஒரு நாள் அவர், “தங்கச்சி, உங்களுக்கு இருந்தால் நான் ஹோர்ன் அடிக்கிறன், நீங்கள் இருந்து வேலையைப் பாருங்கோ,” என்றார். அப்படியும் போனாள்.

கடைசியில் அவர் ஹோர்ன் அடித்தார். ஜெயரூபி வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நடந்துகொண்டே நிஸாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கடிதம் வந்துவிட்டதென்று சொன்னாள்.

“என்ன எழுதியிரிக்கி மகள்?”

“ஆறு மாசம் தர ஏலாதாம். கலாநிதிப் பதிவு டிசம்பரோட முடிஞ்சுதாம். திருத்தின ஏட்டுக்கு அதுக்குக் கீழ இருக்கிற பட்டத்தைத் தருவினமாம். இது இறுதி முடிவாம், இனிக் கடிதம் எழுத வேண்டாமாம்.”

லொறியின் விசிறிச் சத்தத்துக்கு மேலால் நிஸாவின் குரல் வந்தது.

“எண்ட கொப்பியாலதானே இந்த வினை.”

“இல்லை அக்கா. கொப்பியில ஒரு வெறும் இடத்தைக் கண்டிட்டு, ஏன் எண்டு கேக்காமல் சந்தோசப்பட்டது நான்.”

“அழுறீங்களா?”

“நடக்கிறன். இண்டைக்கு எத்தனை பேர்?”

“இதுவரைக்கும் மூண்டு.”

“மங்கல்?”

“ஒண்டுமில்ல.”

துறைமுக வீதியின் முடிவு வரை போய்த் திரும்பி வந்து, மேசையில் இருந்து, கீழ்ப்பட்டத்துக்குச் சம்மதம் என்று அன்றே பதில் எழுதினாள். மேலதிகமாக ஒரு வரியும் சேர்த்தாள்: பழைய 412 எடைகளை ஏட்டிலிருந்து நீக்க வேண்டாம், அவை எப்படி எழுதப்பட்டன என்ற குறிப்போடு அப்படியே இருக்கட்டும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, பதிலும் அனுப்பவில்லை. தபால்காரர் ஹோர்ன் அடித்துக் கொடுத்ததுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு வந்த கடைசிக் கடிதம். அது வந்தது 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை, காலை 10.40.